மென்பொருள்: சொந்த வீடா, வாடகை வீடா?

பீனியா தொழிற்பேட்டையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறை. அதன் உரிமையாளர் தருமபுரிப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளுக்கு முன் லேத் ஆபரேட்டராகப் பெங்களூர் வந்து, பாடுபட்டு முன்னேறியவர். நம் சங்க விழாக்களுக்குக் குடும்பத்தோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். நான் ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்தவன் என்பதால் ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், கம்ப்யூட்டர்ல ஒரு டிராயிங்கும் திறக்க மாட்டேங்குது. சந்தா முடிஞ்சு போச்சுன்னு பையன் சொல்றான். மத்தியானத்துக்குள்ள பார்ட்டிக்கு அளவு மாத்தி அனுப்பணும் சார்."

நேரில் போய்ப் பார்த்தேன். வங்கி அவருக்குப் புதிய கார்டு கொடுத்திருந்தது. மென்பொருள் விற்றவரிடம் இருந்ததோ பழைய கார்டின் எண். "புதுப்பிக்கவும்" என்று வந்த கடிதங்களெல்லாம் முன்பு வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு டிராப்ட்ஸ்மேனின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. பதினொரு ஆண்டு வரைபடங்கள் அதே கணிப்பொறியில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்கும் சாவிதான் இல்லை. பணம் கட்டி மறுபடி உயிர் கொடுப்பதற்குள் செவ்வாய் மாலை ஆகிவிட்டது. தாமதத்துக்காக வாடிக்கையாளர் பில்லில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று அவர் கேட்ட கேள்வி: "டிராயிங் நம்மளது சார். நான் போட்டது. அதைத் தொடறதுக்கு நான் ஏன் வருஷா வருஷம் இன்னொருத்தருக்குப் பணம் கட்டணும்?"

கேள்வி நியாயமானது, பதில் அவ்வளவு எளிதானதல்ல. நம் சங்க அன்பர்களில் சிறுதொழில் நடத்துவோர், அச்சகம் வைத்திருப்போர், கணக்கு எழுதிப் பிழைப்போர் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, இந்தச் சந்தா முறை எங்கிருந்து வந்தது, அதில் லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு, என்னென்ன முன்னெச்சரிக்கை வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டை வைத்தே விளக்கலாம்

பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு மூன்று விதக் குடித்தனம் தெரியும். சொந்த வீடு, போக்கியம், மாத வாடகை. போக்கியத்தில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் எதுவும் கொடுக்காமல் குடியிருக்கிறோம்.

கடையில் பெட்டியோடு மென்பொருள் வாங்கிய நாட்களில் அதைச் சொந்த வீடு என்றே நினைத்தோம். உண்மை அதுவல்ல. மென்பொருளின் பதிப்புரிமை எப்போதும் அதை எழுதிய நிறுவனத்துடையது. நமக்குக் கிடைத்தது, அதன் ஒரு பிரதியைக் காலவரையின்றிப் பயன்படுத்தும் அனுமதி. இதையே நிரந்தர உரிமம் என்கிறார்கள். பட்டா நம் பெயரில் இல்லை; ஆனால் யாரும் நம்மை வெளியே போகச் சொல்ல முடியாது. சந்தா என்பது மாத வாடகை அல்லது ஆண்டு வாடகை. கட்டும் வரை உள்ளே இருக்கலாம். கட்டாவிட்டால் கதவு பூட்டப்படும்.

நம் உச்ச நீதிமன்றமும் இதை இரண்டு கோணங்களில் ஆராய்ந்திருக்கிறது. டாடா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திர மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், தட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட "சரக்கு"தான் என்று 2004-இல் தீர்ப்பளித்தது. பிறகு 2021 மார்ச்சில், 'என்ஜினீயரிங் அனாலிசிஸ் சென்டர் ஆப் எக்ஸலன்ஸ்' என்ற நிறுவனத்தின் வழக்கில், வெளிநாட்டு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்குப் பதிப்புரிமையில் எந்தப் பங்கும் கைமாறுவதில்லை. ஆகவே அவர் கொடுக்கும் விலை 'ராயல்டி' ஆகாது என்று கூறியது. கையில் பிரதி உண்டு, பதிப்புரிமை இல்லை என்பதை இவ்விரு தீர்ப்புகளிலிருந்தும் அறிகிறோம்.

வாடகை புதிதல்ல

சந்தா முறையை இன்றைய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கணிப்பொறித் தொழில் தொடங்கியதே வாடகையில்தான். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தன் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டுமே விட்டு வந்தது. அந்நாட்டு அரசு தொடுத்த வழக்கின் முடிவில், 1956-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, விரும்புவோருக்கு இயந்திரத்தை விற்கவும் வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அக்காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலை கிடையாது. இயந்திரத்தோடு சேர்ந்து வரும். 1969 ஜூனில்தான் மென்பொருளைத் தனியாக விலை போட்டு விற்கப் போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர அது வழி செய்தது.

நம் ரயில்வேக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1960-களில் மண்டல ரயில்வேக்களிலும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற உற்பத்தி நிலையங்களிலும் ஐ.பி.எம். 1401 கணிப்பொறிகள் வந்தன. சம்பளப் பட்டியல், சரக்கு வருமானக் கணக்கு எல்லாம் துளையிட்ட அட்டைகளில் ஓடின. நான் பணியில் சேர்ந்தபோது கணக்குப் பிரிவின் மூத்தவர்கள் அந்த அறையின் குளிர்சாதனத்தைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கைக் குறைக்க மறுத்து, ஐ.பி.எம். 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. ஏற்றுக்கொண்டது. வாடகைக்கு விட்டவர் ஊரை விட்டுப் போனாலும் நம் வேலை நிற்கக்கூடாது என்ற பாடத்தை அப்போதே கற்றோம்.

வாடகை என்றாலே தீது என்றும் சொல்லக்கூடாது. 1986 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்திய ரயில்வே நிதிக் கழகம் கடன் திரட்டி இன்ஜின்களையும் பெட்டிகளையும் வாங்கி, ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகிறது. அந்தக் குத்தகை வழக்கமாக 30 ஆண்டு. முதல் 15 ஆண்டில் அசலும் வட்டியும் கட்டி முடியும். அடுத்த 15 ஆண்டுக்குப் பெயரளவு வாடகைதான். அதாவது கட்டக் கட்டச் சுமை குறைகிறது. மென்பொருள் சந்தாவில் அப்படி ஒரு முடிவு கிடையாது. பத்தாம் ஆண்டிலும் முழு வாடகைதான். அதுவும் நிறுவனம் அன்று சொல்லும் விலையில்.

பெட்டி போய்ச் சந்தா வந்த வழி

பொறியாளர்களுக்கு நன்கு தெரிந்த ஆட்டோகேட் 1982 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறை பணம் கட்டி வாங்கும் சரக்காகவே இருந்தது. 2016 ஜனவரி 31-க்குப் பிறகு ஆட்டோடெஸ்க் நிறுவனம் தனி மென்பொருள்களுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலைக்குப் பிறகு தொகுப்புகளுக்கும் நிறுத்தியது. முன்பே வாங்கியவர்களின் உரிமம் செல்லும். ஆனால் புதிய பதிப்பு வேண்டுமென்றால் சந்தாதான்.

நம் அச்சகத்தாருக்குப் பழக்கமானது பேஜ்மேக்கர். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994-இல் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது. ஏழாம் பதிப்போடு அதன் ஆயுள் முடிந்தது. அதே அடோபி 2013 மே மாதத்தில், தன் ஓவிய, அச்சு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே வரும் என்று அறிவித்தது. 2012-இல் வந்த ஆறாம் தொகுப்பே பெட்டியில் கிடைத்த கடைசித் தொகுப்பு.

2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்றது. மைக்ரோசாப்ட் மட்டும் இரண்டு கடையும் வைத்திருக்கிறது. 2011-இல் சந்தா முறையைத் தொடங்கிய பிறகும், ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் ஆபீஸ் 2024-ஐ 2024 அக்டோபரில் வெளியிட்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படி மாறின? அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெட்டி விற்பனையில் புதிய பதிப்பு வரும் ஆண்டில் பணம் கொட்டும். மற்ற ஆண்டுகளில் வறட்சி. பழைய பதிப்பே போதும் என்று வாடிக்கையாளர் பத்து ஆண்டு ஓட்டினால், பிழை திருத்தும் ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? திருட்டுப் பிரதியும் ஒரு காரணம். நம் ஊரில் ஒரு தட்டை வாங்கி ஒன்பது கடைக்காரர்கள் பகிர்ந்துகொண்ட காலம் நமக்குத் தெரியாததல்ல. மாதாமாதம் உறுதியான வருமானம் என்றால் பங்குச் சந்தையிலும் மதிப்பு. இவையெல்லாம் அவர்களுக்கு நல்ல காரணங்கள். நமக்கும் நல்லதா என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ச் சரக்கு: டாலி

பெங்களூரில் இருந்துகொண்டு டாலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆலைகளுக்கு இயந்திர உதிரிப் பாகங்கள் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் திண்டாடினார். கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவை ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த முயற்சி, 1999-இல் டாலி சொல்யூஷன்ஸ் என்ற பெயர் பெற்றது. 2009-இல் டாலி இ.ஆர்.பி. 9, 2020 நவம்பரில் டாலி பிரைம் வந்தன. அதே 2020-இல் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சிறுதொழிலுக்குப் பிறந்து சிறுதொழிலாலேயே வளர்ந்த மென்பொருள் இது.

டாலி பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தது ஓர் இரண்டடுக்கு முறை. மென்பொருளுக்கு நிரந்தர உரிமம். புதிய பதிப்புக்கும் இணைப்புச் சேவைக்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தனிக் கட்டணம். ஆண்டுக் கட்டணம் கட்டாதவரின் கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை. புதிய வசதிதான் கிடைக்கவில்லை. வீடு நம் அனுபவத்தில் இருக்கும். வெள்ளையடிக்க மட்டும் ஆண்டுக்கொரு முறை பணம். இதை நியாயமான நடுவழி என்றே கருதுகிறேன். எந்த நிறுவனமும் விதிகளை மாற்றலாம் என்பதால், வாங்கும் நாளில் காகிதத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இந்த ஆண்டுக் கட்டணத்தையும் கட்டாமல் தள்ள முடியாத நிலை நம் நாட்டில் எப்படி வந்தது? சட்டத்தால் வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் ரூ.500 கோடி விற்பனை உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டு 1 முதல் ரூ.5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகித அடுக்குகளே மாறின. 2016-இல் வாங்கிய கணக்கு மென்பொருள் எவ்வளவு நிரந்தரமாக இருந்தாலும், இவற்றில் ஒன்றையும் அது அறியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கணக்கு மென்பொருளை ஆண்டுதோறும் யாரோ உட்கார்ந்து திருத்தியாக வேண்டும்; அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது முறை. வரைபட மென்பொருளின் கதை வேறு. 2015-இல் போட்ட வட்டம் இன்றும் அதே வட்டம்தான். 25 மில்லிமீட்டர் துளைக்கு எந்த நாடாளுமன்றமும் திருத்தம் கொண்டு வருவதில்லை. ஆகவே "சந்தா நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. "இந்த வேலைக்கு ஆண்டுதோறும் மாற்றம் தேவையா?" என்று கேட்பதே சரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு மென்பொருள். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நிரந்தர உரிமம் ரூ.60,000, இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.9,000. அதே மென்பொருள் சந்தாவில் ஆண்டுக்கு ரூ.24,000.

முதல் ஆண்டு: நிரந்தரம் 60,000, சந்தா 24,000.
இரண்டாம் ஆண்டு முடிவில்: 69,000, 48,000.
மூன்றாம் ஆண்டு முடிவில்: 78,000, 72,000.
நான்காம் ஆண்டு முடிவில்: 87,000, 96,000.
ஐந்தாம் ஆண்டு முடிவில்: 96,000, 1,20,000.
எட்டாம் ஆண்டு முடிவில்: 1,23,000, 1,92,000.

நான்காம் ஆண்டில் தராசு சாய்கிறது. பராமரிப்பே வேண்டாம் என்று இருப்பவருக்கு இரண்டரை ஆண்டிலேயே சாய்ந்துவிடும். சந்தா விலை ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் கட்டியது ரூ.1,20,000 அல்ல, ஏறத்தாழ ரூ.1,46,500.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரூ.60,000-ஐ 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் ஆண்டு வட்டியே ரூ.7,200. தொழில் இரண்டு ஆண்டில் நிலைக்குமா என்று தெரியாதவருக்கும், ஒரு ஆர்டருக்காக மூன்று மாதம் மட்டும் தேவைப்படுபவருக்கும் சந்தாவே சிக்கனம். மூன்று மாத வேலைக்கு யாராவது வீடு வாங்குவார்களா?

வரிக் கணக்கையும் மறக்கக்கூடாது. மென்பொருளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு பெற்ற வழக்கமான வணிகர் இதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு அது முடியாது, அவருக்கு ரூ.24,000 என்பது ரூ.28,320. வருமான வரியில், சந்தா அந்தந்த ஆண்டுச் செலவாக எழுதப்படும். நிரந்தர உரிமம் சொத்தாகக் கருதப்பட்டுத் தேய்மானமாகக் கழியும். கணிப்பொறி, மென்பொருள் இனத்துக்கு முன்பு 60 சதவீதமாக இருந்த இந்தத் தேய்மானம், 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உங்களுக்கு எது ஏற்றது என்பதை ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நிரந்தரம் எவ்வளவு நிரந்தரம்?

நிரந்தர உரிமம் வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் சொல்வதற்கில்லை. 1992-இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியபோது, மீட்டர் பாதை இன்ஜின்கள் பல நல்ல நிலையில்தான் இருந்தன. கொதிகலனில் குறை இல்லை, சக்கரத்தில் தேய்வு இல்லை. அடியில் இருந்த தண்டவாளம் போய்விட்டது. இன்ஜின் நம்முடையதாக இருந்து என்ன பயன்?

மென்பொருளுக்குத் தண்டவாளம் இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. அதே நாளில் ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் முடிந்தது. அவை இன்றும் ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத கணிப்பொறியை இணையத்தோடு இணைத்து வைப்பது ஆபத்து. புதுக் கணிப்பொறி வாங்கினால் பழைய மென்பொருள் அதில் ஏறுமா என்பது அடுத்த கேள்வி. பல நிரந்தர உரிமங்களுக்கும் முதல் நாள் நிறுவனத்தின் சர்வர் ஒப்புதல் தேவை. அடோபியின் இரண்டாம் தொகுப்புக்கு ஒப்புதல் கொடுத்து வந்த சர்வர் நிறுத்தப்பட்டபோது, ஒப்புதல் தேவைப்படாத பிரதியை அந்நிறுவனமே கொடுத்தது. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

சந்தாவிலோ வேறொரு ஆபத்து: வீட்டுக்காரர் ஊரை விட்டே போவது. அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனம் இந்தியாவில் குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளைச் சந்தாவில் விற்று வந்தது. 2022-இல் நிறுத்தப் போவதாக அறிவித்து, 2023-இல் இந்தியச் சேவையை முடித்துக்கொண்டது. முன்கூட்டியே சொல்லி, தகவலை எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். இருந்தாலும் சந்தா கட்டிய அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

புத்தகத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம், அதாவது ஆறு ஆண்டு. வழக்கு நடந்தால் இன்னும் அதிகம். சந்தாவோ ஓராண்டுக்கானது. மென்பொருளை மாற்றிக்கொண்ட பிறகு நான்காம் ஆண்டில் அதிகாரி வந்து பழைய லெட்ஜரைக் கேட்டால், "சந்தா முடிந்துவிட்டது" என்பது பதில் ஆகாது. பொறுப்பு முழுவதும் நம் தலையில்.

ரயில்வேயில் பழைய பாலங்களுக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய வரைபடங்கள் உண்டு. டிரேசிங் துணியில், மையில் வரைந்தவை. ஒரு கர்டரின் அளவைச் சரிபார்க்க அவற்றை விரித்துப் பார்த்திருக்கிறேன். வரைந்தவரும் இல்லை, மை விற்ற கம்பெனியும் இல்லை, வரைபடம் பேசுகிறது. இன்று நம் கணிப்பொறியில் உள்ள கோப்பு இருபது ஆண்டு கழித்துப் பேசுமா?

தமிழ் அச்சுலகில் இந்த வலி ஏற்கனவே வந்து போனது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று தட்டச்சு செய்த பழைய மலர்களை இன்று திறந்தால் கோணல் மாணல் எழுத்துகள்தான் தெரிகின்றன. யூனிகோடு என்ற பொதுமுறை வந்த பிறகே நிலைமை சீரானது. பொதுமுறையின் அருமை நமக்குப் புரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. வரைபடம், கணக்கு எதுவானாலும் மாதம் ஒருமுறை பொதுமுறைக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். படித்துப் பார்க்க பி.டி.எப். (2008 முதல் உலகத் தரநிலை). தட்டை வரைபடத்துக்கு டி.எக்ஸ்.எப்.; முப்பரிமாண வடிவத்துக்கு ஸ்டெப்; பட்டியல்களுக்கு எக்செல் அல்லது சி.எஸ்.வி. ஒரு பிரதி பட்டறையில், ஒரு பிரதி வீட்டில்.

2. சந்தா எடுக்குமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சந்தா முடிந்த மறுநாள் என் கோப்பைப் பார்க்க முடியுமா? எத்தனை நாள் அவகாசம்? விலை ஏற்றத்துக்கு வரம்பு உண்டா?

3. புதுப்பிக்கும் நாளைச் சுவர்க் காலண்டரில் குறியுங்கள். மின்னஞ்சல் முகவரி ஊழியருடையதாக இல்லாமல் தொழிலுடையதாக இருக்கட்டும்.

4. கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 2022 ஜூனில் வரம்பு ரூ.15,000 ஆக்கப்பட்டது, அதைத் தாண்டும் பொதுவான சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கொடுத்தால்தான் பணம் போகும். ஆண்டுச் சந்தா பெரிய தொகையாக இருந்தால், தானாகப் புதுப்பிக்கும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

5. பழைய நிரந்தர உரிமம் இருந்தால் அதன் ரசீது, எண், நிறுவல் கோப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். "திருப்பிக் கொடுத்தால் சந்தாவில் தள்ளுபடி" என்ற சலுகை வந்தால், உரிமம் ரத்தாகுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தமாகச் சேமிப்புப் பிரதி எடுத்து வைக்கப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது.

6. கோபத்தில் திருட்டுப் பிரதிக்குப் போகாதீர்கள். தெரிந்தே பயன்படுத்தினால் அதே சட்டத்தின் 63பி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

7. இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்களை ஒரு கணிப்பொறியிலாவது போட்டுப் பழகுங்கள். கடிதத்துக்கும் பட்டியலுக்கும் லிப்ரே ஆபீஸ், தட்டை வரைபடத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாணத்துக்கு ஃப்ரீகேட் (அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது), பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், மும்பையில் பிறந்த இ.ஆர்.பி.நெக்ஸ்ட் கணக்குக்கும் சரக்கிருப்புக்கும். பழகச் சில வாரம் ஆகும். எல்லா வேலைக்கும் ஈடாகாது. ஆனால் அவசரத்துக்குக் கையில் இருக்கும் மாற்றுச் சாவி அது.

8. எல்லோருக்கும் சந்தா வேண்டியதில்லை. வரைபவர் ஒருவருக்கு எடுத்தால் போதும். பார்ப்பவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் மென்பொருள் உண்டு. நம் பீனியா நண்பருக்கு அன்று இது தெரிந்திருந்தால், அளவை மாற்ற முடியாவிட்டாலும் படத்தைத் திறந்தாவது பார்த்திருப்பார்.

நண்பரின் கேள்விக்குப் பதில்

"டிராயிங் நம்மளது, நான் ஏன் கட்டணும்?" என்றாரே, அதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: படம் உங்களுடையது, பேனா அவர்களுடையது. பேனாவை வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை. அந்தப் பேனா இருந்தால்தான் படமே தெரியும் என்ற நிலைக்கு உங்களை விட்டுவிட்டீர்களே, அதுதான் தவறு.

அவர் சும்மா இருக்கவில்லை. டிப்ளமா படிக்கும் தம் அக்கா மகனை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, பதினொரு ஆண்டுப் படங்களையும் பி.டி.எப். ஆகவும் டி.எக்ஸ்.எப். ஆகவும் மாற்றிவிட்டார். கணக்கு மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணத்தைத் தவறாமல் கட்டுகிறார். வரைபட மென்பொருளுக்கு மூன்று பேருக்கு இருந்த சந்தாவை ஒருவருக்காகக் குறைத்தார். மற்ற இருவரும் திறந்தமூலத்தில் பழகுகிறார்கள். ஒருவருக்கு வந்துவிட்டது, இன்னொருவர் இன்னும் திட்டிக்கொண்டேதான் வேலை செய்கிறார்.

அன்பர்களே, இந்த இதழைப் படித்து முடித்த கையோடு உங்கள் கடையிலோ பட்டறையிலோ உள்ள கணிப்பொறி முன் உட்காருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, எதிரே "சொந்தம்", "வாடகை" என்று குறியுங்கள். வாடகைக்கு எதிரே புதுப்பிக்கும் நாளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். நண்பருக்கு இரண்டு நாள் வேலையும் ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போனது, அந்தத் தாள் ஒன்று இல்லாததால்.